ஒரு த்ரெட் நகரும்போது மற்றவை என்ன செய்தன?

டீபக்கரின் ‘ஸ்டெப்’ கட்டளைக்குச் சோதனை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: 12-ஆம் வரியில் நின்ற நிரல் 13-ஆம் வரிக்கு வந்ததா? ஒற்றை த்ரெட்டில் ஓடும் நிரலுக்கு இது போதும். பல த்ரெட்டுகள் ஓடும் நிரலுக்கு இது பாதிச் சோதனைகூட ஆகாது என்பது இந்த வேலையோடு பழகியதில் எனக்கு உறுதிப்பட்டுவிட்ட கருத்து. நாம் நகர்த்திய த்ரெட் எங்கே போய் நின்றது என்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். அது ஒரு வரி நகர்ந்த இடைவெளியில் மற்ற த்ரெட்டுகள் ஓடினவா, நின்றனவா, ஓட வேண்டியது நின்றுபோனதா என்பதைத் தேடிப் போய்க் கேட்டால்தான் தெரியும். டீபக்கரின் மோசமான பிழைகள் ஒளிந்திருப்பது அங்கேதான்.

வெம்பக்கோட்டை, சிவகாசிப் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1999-இல் வந்த பட்டாசு ஒலி விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல் என்று தனி வெடிக்கு வரம்பு வைத்தது. சரவெடிக்கு அதே எண்ணை அது வைக்கவில்லை. சரத்திலுள்ள வெடிகளின் எண்ணிக்கைக்குப் பத்தடிமான மடக்கை எடுத்து, ஐந்தால் பெருக்கி, அத்தனை டெசிபலை ஒவ்வொரு வெடியின் வரம்பிலிருந்தும் கழிக்கச் சொன்னது. 100 வெடி கோத்த சரம் என்றால் 10 டெசிபல் இறங்கி வரம்பு 115 ஆகிவிடும். ஒற்றை வெடியைக் கொளுத்தி அளந்த எண்ணைக் காட்டிச் சரத்துக்குச் சான்று வாங்க முடியாது என்பதுதான் இதன் பொருள். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்தது வேறு கதை. ஆனால் தனியாகச் சோதிப்பதும் கூட்டத்தில் வைத்துச் சோதிப்பதும் ஒன்றல்ல என்ற தெளிவு அந்த விதியில் இருக்கிறது. நம் சோதனைத் தொகுப்புகள் பலவற்றில் அது இல்லை.

ஏன் ஒன்றல்ல என்பதற்கு டீபக்கரின் உள்வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எக்ஸ்86 செயலியில் ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தால், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு ‘சிசி’ என்ற பதினாறடிமான பைட்டை டீபக்கர் அங்கே எழுதுகிறது. அதில் நின்ற த்ரெட் மேலே நகர வேண்டுமானால் பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரே ஒரு கட்டளையை ஓடவிட்டு, மறுபடி ‘சிசி’யை எழுத வேண்டும். நிரலின் கோட் எல்லா த்ரெட்டுகளுக்கும் பொதுச் சொத்து. பைட் மாறிக் கிடக்கும் அந்தக் கணத்தில் வேறொரு த்ரெட் அதே இடத்தைக் கடந்தால், நிற்காமல் போய்விடும். இதைத் தவிர்க்க, அந்த நேரத்துக்கு மற்ற த்ரெட்டுகளை நிறுத்திவைப்பது ஒரு வழி. கட்டளையின் நகலை வேறொரு இடத்தில் வைத்து அங்கே ஓடவிட்டு, பிரேக்பாயிண்டைத் தொடாமலே விடுவது இன்னொரு வழி. எந்த வழியானாலும், ஒற்றை த்ரெட் சோதனையால் இந்தப் பிழையைத் தொடக்கூட முடியாது. பிடிக்கும் சோதனை எளிமையானது: இரண்டு த்ரெட்டுகளை ஒரே வரி வழியாகச் சுற்றவிடுங்கள், ஒவ்வொரு சுற்றையும் நிரலே ஒரு மாறியில் எண்ணட்டும், டீபக்கர் நின்ற தடவைகளோடு அந்த எண் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் பிழைதான். ஃபங்ஷனுக்குள் நுழையாமல் அதைத் தாண்டும் ‘நெக்ஸ்ட்’ கட்டளைக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும். அழைத்த ஃபங்ஷன் திரும்பிவரும் இடத்தில் டீபக்கர் ஒரு தற்காலிக பிரேக்பாயிண்ட் வைக்கிறது. அதே இடத்துக்கு முதலில் வந்துசேர்வது வேறு த்ரெட்டாக இருந்தால், ‘இது நான் காத்திருந்த ஆள் இல்லை’ என்று டீபக்கர் அதைப் போகவிட வேண்டும்.

இந்த வகைச் சோதனைக்கு நல்ல முன்மாதிரி ஜிடிபி என்ற டீபக்கரின் சோதனைத் தொகுப்பிலேயே ‘ஸ்கெட்லாக்’ என்ற பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒரு எண்ணியை ஒரு லூப்பில் ஏற்றிக்கொண்டே இருக்கும். சோதனை எல்லா எண்ணிகளையும் குறித்துக்கொண்டு, ஒரு த்ரெட்டை மட்டும் 10 சுற்று ஸ்டெப் செய்து, மறுபடி எல்லாவற்றையும் படிக்கும். நகர்த்திய த்ரெட்டின் எண்ணி சரியாக 10 ஏறியிருக்க வேண்டும். மற்ற த்ரெட்டுகளை ஓடவிடாமல் வைக்கும் ஷெட்யூலர் பூட்டைப் போட்டிருந்தால் மற்ற எண்ணிகள் அசைந்திருக்கக் கூடாது. போடாவிட்டால் அசைந்திருக்க வேண்டும். ஏன் 10 சுற்று? ஒரே ஒரு ஸ்டெப் எடுக்கும் நேரம் மிகக் குறைவு, அதற்குள் மற்ற த்ரெட்டுக்கு முறை வராமலே போகலாம். ‘ஓடியிருக்க வேண்டும்’ என்று ஒரு ஸ்டெப்பில் அடித்துச் சொல்லும் சோதனை, டீபக்கரில் குறையே இல்லாத நாளிலும் தோற்கும். எந்த இடைவெளியில் எதை உறுதியாகக் கேட்கலாம் என்ற இந்த நிதானத்தைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

‘பூட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடுமே, எதற்கு இத்தனை பாடு?’ என்று கேட்பவர்கள் உண்டு. பூட்டு பயனுள்ளதுதான், நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் நீங்கள் தாண்டப்போகும் ஃபங்ஷன் ஒரு மியூடெக்ஸுக்காகக் காத்திருந்து, அதைக் கையில் வைத்திருக்கும் த்ரெட் பூட்டில் உறைந்துகிடந்தால், அந்த ‘நெக்ஸ்ட்’ முடியவே முடியாது. இந்த நிலையையும் ஒரு சோதனையாக எழுதி, பயனர் இடைமறித்தால் டீபக்கர் மீண்டுவருகிறதா என்று பார்க்க வேண்டும். ‘நடுவில் ஒரு ஸ்லீப் போட்டால் சோதனை நிலைத்துவிடும்’ என்பது இன்னொரு வாதம். இதை நான் ஏற்பதில்லை. ஸ்லீப் பிழையை நீக்குவதில்லை, தள்ளிப்போடுகிறது. வேகம் குறைந்த இயந்திரத்தில் அது திரும்ப வரும். த்ரெட்டுகளை ஒரே இடத்தில் சேர்க்க பேரியர் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மூன்றாவது வாதம் கொஞ்சம் வலுவானது: ஆயிரம் தடவை ஓட்டினால் எப்போதாவது ஒரு தடவை மாட்டாதா? ஒரே இயந்திரம், ஒரே சுமை என்றால் ஆயிரம் தடவையும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் த்ரெட்டுகள் ஓடும். வரிசையைக் கலைத்தால்தான் பலன். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சைச் சேர்ந்த மதன்லால் முசுவதியும் வேறு மூவரும் 2010-இல் வெளியிட்ட தற்போக்கு ஷெட்யூலர் முறை இதற்குக் கணக்கே தருகிறது. 10 த்ரெட், மொத்தம் 1000 கட்டளைகள் ஓடும் நிரலில், இரண்டு வரிசை நிபந்தனைகள் ஒருசேர அமைந்தால் மட்டும் வெளிவரும் பிழையை ஒரு ஓட்டத்தில் பிடிக்கும் வாய்ப்பு குறைந்தது 10,000-இல் ஒன்று. கேட்கச் சிறியதாக இருந்தாலும் அது உத்தரவாதம். வெறுமனே திரும்பத் திரும்ப ஓட்டுவதில் அந்த உத்தரவாதம் கிடையாது. மொசில்லாவில் பிறந்த ‘ஆர்ஆர்’ கருவியின் கேயாஸ் முறையும் த்ரெட் வரிசையைக் கலைத்துப் பதிவு செய்து, மாட்டிய ஓட்டத்தை அப்படியே மறுபடி ஓட்டிக் காட்டும். எல்லா த்ரெட்டையும் அது ஒரே கோரில் ஓட்டுவதால், இரண்டு கோர்கள் உண்மையிலேயே ஒருங்கே ஓடினால் மட்டும் வரும் பிழைகள் அதற்குப் பிடிபடாது.

ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் செயலிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே அணுச் செயல் ஒன்று ‘முன்பதிவோடு படி, பின் எழுது’ என்று இரண்டு கட்டளைகளாகப் பிரிந்திருக்கலாம். நடுவில் நிறுத்தினால் முன்பதிவு கலைந்து எழுதுவது தோற்கும். நிரல் மறுபடி முதலிலிருந்து முயலும். கட்டளை கட்டளையாக ஸ்டெப் செய்தால் அந்தச் சுழலிலிருந்து வெளியே வரவே முடியாது. அந்தத் தொடர் முழுவதையும் டீபக்கர் ஒரே தாவலாகத் தாண்டுகிறதா என்பதைக் கட்டாயம் சோதியுங்கள்.

சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு வருகைப்பதிவுச் செயலி செய்வதற்குப் பதில் இதை எடுங்கள். லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினியும் சி மொழியும் போதும். ஜிடிபியின் மூலக்கோடு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. ஸ்கெட்லாக் சோதனையில் தொடங்கி, ஸ்டெப் நடக்கும்போதே ஒரு த்ரெட் பிறந்தால் என்ன ஆகிறது, ஒன்று முடிந்துபோனால் என்ன ஆகிறது என்று இரண்டு புதிய சோதனைகளை எழுதிப் பாருங்கள்.