அத்திப்பள்ளி தாண்டினால் சட்டம் மாறுமா?

ஜூஜூவாடி கடந்து கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் இறங்கினால் பெட்ரோல் விலை மாறுகிறது, கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது. அந்தப் பழக்கத்தில் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்னொன்றையும் நம்புகிறார்கள்: "பெங்களூரு போயிட்டா கே, லெஸ்பியன் எல்லாம் லீகல், கல்யாணமே பண்ணிக்கலாம். இந்தப் பக்கம் இருந்தா கேஸ்."

முழுக்கத் தப்பு. வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது சூளகிரிக்கும் சேர்த்துத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள். பழைய தண்டனைச் சட்டத்தில் இந்த உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை அதில் தேடினாலும் கிடைக்காது. பெங்களூருவில் 2008 முதல் வானவில் கொடியோடு ஊர்வலம் போகிறது என்பதற்காக, அங்குள்ள பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு ஆண்களுக்குத் திருமணச் சான்றிதழ் தருவார்கள் என்று அர்த்தமில்லை. அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

சொல்லப்போனால் தாளில் எழுதப்பட்ட பாதுகாப்பில் சில விஷயங்கள் நம் பக்கமே கூடுதல். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்து வாழத் தொடங்க, பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, தன்பாலீர்ப்பை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை போட்டது. இந்த விஷயத்தில் தமக்கே தெளிவு போதவில்லை என்று, தீர்ப்புக்கு முன் உளவியல் நிபுணர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டவர் அவர். நீதிபதி நாற்காலியில் இருந்துகொண்டு அப்படிச் செய்வது லேசில்லை. அடுத்த ஆண்டே தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதி சேர்ந்தது: பாலீர்ப்பையோ பாலினத்தையோ காரணம் காட்டி தன்பாலீர்ப்பினரையும் திருநர்களையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது. (கர்நாடகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மூன்றாம் பாலினத்தவருக்கு அரசு வேலையில் ஒரு சதவீத இடஒதுக்கீட்டை 2021-லேயே கொண்டுவந்தது.)

சிப்காட் பெண்கள் ஹாஸ்டல்களில் உலவும் பயம் வேறு. "வீட்ல கம்ப்ளெயின்ட் கொடுத்தா போலீஸ் வண்டியில ஏத்தி அப்பா கையில ஒப்படைச்சிடுவாங்க." 18 வயது நிறைந்த பெண்ணைக் காவல் நிலையத்துக்கு அழைத்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விருப்பப்பட்டுத்தான் இருக்கிறாயா? ஆமென்றால் புகாரை முடிக்க வேண்டியதுதான். ஆனால் நடைமுறை வேறு மாதிரியும் இருந்திருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில் 25 வயதுப் பெண்ணையே போலீஸ் பெற்றோருடன் அனுப்பி வைத்திருந்தது. நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அவரை விடுவித்து, காவல்துறையைக் கண்டித்து, குடும்பம் அமைய திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினார்கள்.

திருநங்கையும் கேயும் ஒன்று என்ற குழப்பத்தை இரண்டே வரியில் தீர்க்கலாம். ஒன்று தன் பாலினம் எது என்பது, மற்றது யார்மேல் ஈர்ப்பு என்பது. அதனால்தான் தூத்துக்குடியில் ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணம் திருநங்கையும் மணமகளே என்பதால் இந்து திருமணச் சட்டப்படி செல்லும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-ல் தீர்ப்பளிக்க முடிந்தது.

'மேல்நாட்டு இறக்குமதி' என்பவர்களுக்கு: இறக்குமதியானது 1860-ல் வெள்ளைக்காரன் எழுதிய 377. திருமண உரிமை 2001-ல் நெதர்லாந்தில் தொடங்கியது உண்மைதான். ஆனால் தைவான் 2019-ல் கொடுத்துவிட்டது, தாய்லாந்து 2025 ஜனவரியில்.

அதிகம் கேட்கிற கேள்விக்கு வருவோம். "சேர்ந்து வாழத் தடையில்லையே, அப்புறம் கல்யாணம் எதுக்கு?" தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர் இதைக் கேட்கவே கூடாது. பி.எஃப். இணையதளத்தில் இ-நாமினேஷன் போடும்போது முதலில் கேட்பது 'குடும்பம் இருக்கிறதா, ஆம் / இல்லை'. திருமணமாகாத ஒரு ஃபிட்டரை நம்பி ஊரில் அம்மா இருந்தால் 'ஆம்' என்றுதான் அழுத்த வேண்டும். அதன்பின் குடும்பத்தாரை மட்டுமே நாமினியாக்கலாம். எட்டு வருடமாக ஒரே வீட்டில் சமைத்துச் சாப்பிடும் இணையருக்கு அதில் இடமில்லை. 'இல்லை' என்று போட்டு அவர் பெயரை எழுதினாலும், குடும்பம் உண்டென்று தெரிந்தால் அந்த நாமினேஷன் செல்லாது. கிராஜுவிட்டியிலும் இதே கதை. ஷாப் ஃப்ளோர் விபத்தில் உயிர் போனால் இ.எஸ்.ஐ. தரும் சார்ந்தோர் பலனிலும் இணையர் யாரோ ஒருவர்தான்.

ஓட்டைகள் சில அடைபட்டிருக்கின்றன. கூட்டு வங்கிக் கணக்குக்கும் அதில் இணையரை நாமினியாக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஆனால் மனைவி என்ற ஒரே சொல்லில் தானாகக் கிடைப்பதை இவர்கள் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, "சுப்ரீம் கோர்ட்டே முடியாதுன்னு சொல்லிடுச்சு, முடிஞ்சது" என்பது. 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமணம் அடிப்படை உரிமையல்ல என்றது. சீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு, சட்டம் இயற்றுவது சட்டமன்றங்களின் வேலை என்றுதான் சொன்னது. இயற்றவே கூடாது என்று சொல்லவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்கு நேர்ந்ததைத் தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டது செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967-ல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் சேர்த்தே செல்லுபடியாயின.

அது மாநிலம் கொண்டுவந்த திருத்தம். திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு அது முடிந்தது. கல்யாணம் என்ற பெயரே வேண்டாம், இருவர் சேர்ந்து வாழ்வதற்கான குடும்ப இணைப்புப் பத்திரம் ஒன்றைப் பதிவு செய்ய வழி செய்யலாமே என்று அதே ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசிடம் யோசனை சொல்லியிருக்கிறார். அதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கத் தேவையில்லை.