சத்திரசிகிச்சை வாட்டுக்குப் போகுமுன்: தெரிவுப் பயிற்சியை எங்கே செய்வது?

இறுதி ஆண்டு மருத்துவ மாணவருக்குத் தெரிவுப் பயிற்சிக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். பரீட்சை முடிந்து உள்ளகப் பயிற்சி நியமனம் வரும்வரை காத்திருக்கும் காலத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். இலங்கையில் உள்ளகப் பயிற்சி ஒரு வருடம்: ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொரு துறை. அதில் ஒன்று சத்திரசிகிச்சை என்று முடிவெடுத்த திருகோணமலைப் பிள்ளை முன்கூட்டியே எதைப் பழகுவது?

பலரும் தியேட்டரையே கேட்கிறார்கள். ஆனால் உள்ளகப் பயிற்சி வைத்தியரின் வேலை பெரும்பாலும் வாட்டில்தான். இரவு இரண்டு மணிக்குத் தாதி கூப்பிட்டால் எழுந்து போய், சத்திரசிகிச்சை முடிந்த நோயாளி தேறுகிறாரா, மோசமாகிறாரா என்று நிதானிக்கவேண்டும். மோசமென்றால் மூத்தவரைத் தாமதிக்காமல் அழைக்கவேண்டும். இதைக் கற்றுத்தரும் இடத்துக்கே முதலிடம் கொடுங்கள்.

மயக்க மருந்தும் தீவிர சிகிச்சையும்

என் முதல் தெரிவு இதுதான். கனுலா போடுவது, முகமூடி வைத்துப் பையை அமுக்கி மூச்சுக் கொடுப்பது எல்லாம் நிபுணர் பக்கத்தில் நிற்க, அன்றாடம் செய்து பழகலாம். அதைவிடப் பெரிய பாடம் எண்களை வாசிப்பது. கிலோவுக்கு அரை மில்லிலீற்றர் கணக்கில், 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர் சிறுநீராவது இறங்கவேண்டும். மூன்று மணி நேரத்தில் பையில் 40 மட்டும் இருந்தால், முதலில் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீர் போதவில்லையா, உள்ளே இரத்தம் கசிகிறதா என்று தேடுங்கள். உடலின் இரத்தத்தில் 15 வீதத்துக்கு மேல் போனால் நாடி ஏறும். இரத்த அழுத்தமோ 30 வீதம் போகும்வரை பெரிதாக இறங்காமல் நிற்கலாம். அழுத்தத்தை மட்டும் நம்புபவர் பிந்திவிடுவார்.

குறை: வயிற்றைத் தொட்டு நோயை நிதானிக்கும் பழக்கம் இங்கே அதிகம் கிடைக்காது.

அவசர சிகிச்சைப் பிரிவு

அந்தக் குறையை நிரப்புவது இது. ஹபரணை வீதி மோட்டார் சைக்கிள் விபத்து, கந்தளாய்ப் பக்கத்து யானைத் தாக்குதல், கட்டுத்துவக்குக் காயம் என்று மாவட்டத்தின் துன்பமெல்லாம் முதலில் வந்துசேரும் வாசல். சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற ஒழுங்கு கைக்கு இயல்பாகும்வரை இங்கே நில்லுங்கள்.

துறைமுக ஊருக்கே உரிய பாடமும் உண்டு. திருக்கை முள் குத்திய காலைத் தோல் வேகாத அளவு சூடான நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், 30 முதல் 90 நிமிடம் வைத்தால் வலி தணியும். முள்துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து, நன்றாகக் கழுவி, ஏர்ப்புவலித் தடுப்பூசி நிலையைக் கேட்டறியவேண்டும். காயத்தை உடனே தைத்து மூடாமல் விடுவதே பெரும்பாலும் பாதுகாப்பு. நீரிழிவோ ஈரல் நோயோ உள்ளவருக்குக் கடல்நீரிலுள்ள விப்ரியோ கிருமி சில மணி நேரத்திலேயே ஆபத்தாகலாம். சட்டவிரோத டைனமைட் மீன்பிடியில் சிதைந்த கையையும் இங்கே காண நேரலாம்.

குறை: வாட்டுக்கு அனுப்பிய நோயாளி என்னவானார் என்று தெரியாமலே போகும். மறுநாள் நீங்களே போய்ப் பாருங்கள்.

சத்திரசிகிச்சை வாட்டும் தியேட்டரும்

முடிச்சுப் போடுதல், கிருமியின்றிக் கை கழுவி நிற்றல், உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஆகியவற்றை இங்கே பழகலாம். ஆனால் இவற்றை உள்ளகப் பயிற்சியின் முதல் மாதமே கற்றுத்தந்துவிடும். அந்த நேரத்தில் கதிரியக்கப் பிரிவுக்குப் போகலாம்; சில நாட்களே போதும்: உதரவிதானத்தின் கீழே காற்று, அடைத்த குடலின் நீர்மட்டங்கள் இரண்டையும் பிழையின்றி அடையாளம் காணக் கற்றுவிடுங்கள்.

எந்த வைத்தியசாலை?

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் துறைகள் பல, கற்பிப்பவர்களும் பலர். மாணவரும் அதிகம் என்பதால் கை வைக்கும் வாய்ப்புப் பங்குபோடப்படும். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடத்தில் வேலைக்கு நெருக்கமாக நிற்கலாம். கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகள் கற்றுத்தருவது வேறொன்று: எந்த நோயாளியை வைத்துக்கொள்வது, எவரை உடனே பெரிய இடத்துக்கு அனுப்புவது என்ற தீர்ப்பு. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் திருகோணமலைக்கான வழி சுருங்கியது. அந்தத் தீர்ப்பின் பாரம் குறையவில்லை.

நான்கு வாரம் இருந்தால் இரண்டை மயக்க மருந்துக்கும் தீவிர சிகிச்சைக்கும், ஒன்றரையை அவசர சிகிச்சைக்கும், மீதியைக் கதிரியக்கத்துக்கும் கொடுங்கள். நியமனம் நாட்டின் எந்த மூலையிலும் கிடைக்கலாம். சிங்களத்தில் வலியைக் கேட்கவும் சம்மதம் பெறவும் தடுமாறுபவரானால், இரு மொழி நோயாளிகளும் வரும் இடத்தைத் தேடுங்கள். விண்ணப்பிக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இரவு வேலைக்கு நிற்க விடுவார்களா? நான் எழுதும் நோயாளிக் குறிப்பை யாராவது வாசித்துத் திருத்துவார்களா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று சொல்லும் சிறிய வைத்தியசாலை, இரண்டுக்கும் கையை விரிக்கும் பேர்பெற்ற வைத்தியசாலையைவிட உங்களை நன்றாகத் தயார்படுத்தும்.