செவிப்பறைத் துவாரமும் அதனைக் கண்டறியும் வீடியோ கருவியும்

கண் பார்வை குறைந்தால் வீட்டார் உடனே அறிந்துகொள்கின்றனர். கால் ஊனமுற்றால் ஊரே அறிகிறது. செவி மந்தப்படுவதையோ பல ஆண்டுகள் வரையில் ஒருவரும் கவனிப்பதில்லை. பள்ளியில் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவன் ஆசிரியரின் வினாவிற்கு விடை கூறாவிடில் அவனுக்கு 'மந்த புத்தி' என்னும் பட்டம் கிடைக்கிறது. அவனுடைய காதிலிருந்து அவ்வப்போது சீழ் வடிவதைத் தாய் அறிவாள். ஆனால் 'வளர்ந்தால் சரியாய்விடும்' என்று அயலார் கூறும் சொல்லை நம்பி அவளும் வாளாவிருந்துவிடுகிறாள். இவ்வாறு கவனியாது விடப்படும் காதுகளிற் பலவற்றில் செவிப்பறையில் துவாரம் இருப்பதுண்டு. அதனைக் காலத்தில் கண்டறிய உதவும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது நலம்.

செவிப்பறையின் அமைப்பு

பெரியவர்களின் காதுத் துவாரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். அதன் உட்கோடியில் மேளத்தின் தோலைப் போல விரைத்து நிற்கும் மெல்லிய சவ்வே செவிப்பறை. அதன் உயரம் சுமார் 9 அல்லது 10 மில்லிமீட்டர். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒலியலைகள் அதன்மேல் மோதும்போது அது அதிர்கிறது. அந்த அதிர்ச்சியை அதனையொட்டியுள்ள மூன்று சிற்றெலும்புகள் உட்செவிக்குக் கடத்துகின்றன. மேளத்தின் தோல் கிழிந்தால் நாதம் கெடுவது போலவே, பறையில் துவாரம் விழுந்தால் கேள்வி குறைகிறது. துவாரம் சிறிதாயின் குறைவும் சிறிதே. பெரிதாயின் சாதாரணக் குரலில் பேசுவதும் தெளிவாய்க் கேளாது.

துவாரம் ஏற்படும் காரணங்கள்

குழந்தைகளுக்குச் சளி பிடிக்கும்போது, மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழாய் வழியாகக் கிருமிகள் பரவுகின்றன. குழந்தைப் பருவத்தில் இக்குழாய் குறுகிய நீளமும் குறைந்த சாய்வும் உடையதாகையால் நோய் எளிதில் ஏறுகிறது. நடுச்செவியில் சீழ் கட்டி அழுத்தம் மிகும்போது பறை கிழிந்து சீழ் வெளிப்படுகிறது. குழந்தையின் அழுகை அத்துடன் அடங்குவதால் நோய் தீர்ந்ததென்று பெற்றோர் கருதுகின்றனர். பெரும்பாலும் கிழிசல் தானே மூடிக்கொள்ளும்; மூடாவிடில் நிலையான துவாரமாகிவிடும்.

கன்னத்தில் ஓங்கி அறைவது, காதருகே பட்டாசு வெடிப்பது, கொண்டை ஊசி, தீக்குச்சி, கோழி இறகு முதலியவற்றால் காது குடைவது ஆகியவற்றாலும் பறை கிழியும். உயரத்திலிருந்து நீரிற் பாயும்போது காது நீர்ப்பரப்பில் அறைபட்டால் அதுவும் இதே தீங்கை விளைவிக்கும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழ்வோர் இங்கு ஒன்றைக் கருத்தில் இருத்த வேண்டும். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையில் ஆற்றிலும், அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்களிலும் நீராடுவது இம்மக்களின் அன்றாட வழக்கம். நல்ல காதுக்கு இதனால் பெருந்தீங்கில்லை. துவாரமுள்ள காதிலோ, நீருடன் கிருமிகளும் நடுச்செவிக்குட் புகுகின்றன. உலர்ந்திருந்த காது மீண்டும் சீழ் வடிக்கிறது. துவாரம் இருப்பதையே அறியாதவன் நாள்தோறும் ஆற்றில் முழுகி நோயை வளர்த்துக்கொள்கிறான். ஆகவே துவாரம் உண்டா, இல்லையா என்று அறிவதே முதற்படி.

கருவியின் வரலாறும் அமைப்பும்

காதின் உட்புறம் இருளடைந்தது; வளைந்தும் இருப்பது. 1841-இல் ஜெர்மனியில் ஹாப்மன் என்னும் வைத்தியர் நடுவில் துளையிட்ட கண்ணாடியால் வெளிச்சத்தைக் காதினுட் செலுத்தி, அத்துளை வழியே நோக்கும் முறையைக் கூறினார். பின்னர் மின்விளக்கும் உருப்பெருக்கும் கண்ணாடியும் பொருந்திய ஓட்டோஸ்கோப் என்னும் கருவி வழக்கிற்கு வந்தது. இதில் ஒரு குறை உண்டு. கருவியை வைத்திருப்பவர் மட்டுமே காட்சியைக் காண இயலும். அவர் அனுபவம் குறைந்தவராயின், அவர் கண்டது சரியா என்று பிறர் சோதிக்க வழியில்லை.

வீடியோ ஓட்டோஸ்கோப் இக்குறையை நீக்குகிறது. அதன் முனையில் சிறிய விளக்கும் காமிராவும் உள்ளன. காதினுள் தெரியும் காட்சி கம்ப்யூட்டர் திரையிலோ கைப்பேசியிலோ பெரிதாய்த் தோன்றும். அதனைப் படமாகச் சேமித்து, தொலைவிலுள்ள காது நிபுணருக்கு அனுப்பலாம். மூன்று மாதங்கள் கழித்து மறுபடியும் படம் எடுத்து, துவாரம் சுருங்கியதா, விரிந்ததா என்று ஒப்பிடலாம். தாயும் தன் குழந்தையின் காதைத் தானே காண்கிறாள். வைத்தியரின் சொல்லைவிட அக்காட்சி அவள் மனத்தில் ஆழப் பதியும்.

சோதிக்கும் முறை

சோதிப்பவர் முதலில் காதின் வெளிப்புறத்தையும் பின்புறத்தையும் பார்க்கவேண்டும். வலியோ வீக்கமோ இருப்பின் கருவியைச் செலுத்தாது வைத்தியரிடம் அனுப்பவேண்டும். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாகவும், கைக்குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாகவும் மெல்ல இழுத்தால் குழாய் நேராகும். குழந்தையைத் தாய் மடியில் இருத்தித் தலையை அசையாது பிடித்துக்கொள்ள வேண்டும். திரையைப் பார்த்தவாறே முனையைச் சிறிதளவு மட்டும் உட்செலுத்தவேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய முனையைச் சுத்தம் செய்யாது மற்றவருக்குப் பயன்படுத்துதல் கூடாது.

ஆரோக்கியமான பறை முத்துப் போன்ற சாம்பல் நிறத்துடன் மினுமினுக்கும். அதில் ஓர் ஒளிக்கூம்பு தெரியும். பறையைக் கடிகார முகமாக எண்ணினால், வலக்காதில் 5 மணி திசையிலும் இடக்காதில் 7 மணி திசையிலும் அது அமையும். துவாரமிருப்பின் பறையில் ஓர் இடைவெளியும், அதனூடே நடுச்செவியின் ஈரமான உட்சுவரும் தென்படும்.

துவாரம் பறையின் நடுப்பகுதியில் இருந்து, சுற்றிலும் விளிம்பு மீந்திருந்தால் பெரும்பாலும் உயிருக்கு அபாயமில்லை. துவாரம் ஓரத்தையோ மேற்பகுதியையோ தொட்டு, அங்கு வெண்மையான செதில்கள் தெரிந்தால் அது அபாய வகை. அங்கு தோல் வளர்ந்து குவிந்து எலும்பை அரிக்கும். நோய் மூளை வரையிற் பரவவும் கூடும். நாற்றமுள்ள சீழ், காதின் பின்புறம் வீக்கம், முகம் ஒருபுறம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலுடன் கடுந்தலைவலி ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவை தோன்றினால் படம் எடுத்து அனுப்பிக் காத்திராமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

கருவியால் இயலாதவை

குறும்பியோ சீழோ மறைத்திருந்தால் காமிராவிற்குப் பறை தெரியாது. முதலில் தகுதி பெற்றவர் காதைச் சுத்தம் செய்யவேண்டும். முன்பு கிழிந்து மெல்லிதாய் மூடிய இடமும், உட்குழிந்த பறையும் படத்தில் துவாரம் போலவே தோன்றி ஏமாற்றும். எவ்வளவு கேட்கிறது என்பதைப் படம் கூறாது. அதற்கு ஆடியோமீட்டர் சோதனை வேண்டும். எனவே படம் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஊழியராயினும், நோயை முடிவு செய்பவர் வைத்தியரே ஆவார். குறும்பி எடுப்பதற்கென்று கடைகளில் விற்கும் காமிராக் குச்சிகளை வீட்டில் தாமே காதில் விட்டுக் கிளறுவது, துவாரமில்லாத காதிலும் துவாரம் உண்டாக்கும் செயலாகும்.

பிற இடங்களின் அனுபவம்

அலாஸ்காவின் பனிப்பிரதேசக் கிராமங்களில் சுகாதார ஊழியர்கள் எடுக்கும் காதுப் படங்களைத் தொலைவிலுள்ள நிபுணர்கள் பார்த்து யோசனை கூறும் முறை நெடுநாளாக நடைபெற்று வருகிறது. நம் நாட்டில் செவிட்டுத்தன்மையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 2007-இல் தொடங்கப்பெற்றது. 2013-இல் ஏற்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் சோதிக்கும் நோய்களுள் நடுச்செவி நோயும் ஒன்று. இப்பள்ளத்தாக்கிலோ, 1965-இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் உள்ளது. செவிகேளாத குழந்தைகளுக்கென இந்நாட்டில் தொடங்கிய பழம்பெரும் பள்ளிகளுள் ஒன்றாகிய பிளாரன்ஸ் ஸ்வைன்சன் பள்ளியும் அவ்வூரிலேயே இருக்கிறது. பிறவியிலேயே செவிகேளாதவருக்கு அத்தகைய பள்ளி துணை நிற்கிறது. செவிப்பறைத் துவாரத்தால் வரும் மந்தமோ பெரும்பாலும் தடுக்கவும் குணப்படுத்தவும் கூடியது. அதனை வீணே வளரவிடுவது நம் குறையே ஆகும்.

சிகிச்சையும் பாதுகாப்பும்

அடிபட்டதால் விழுந்த துவாரம், காதை உலர்வாக வைத்திருந்தால் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் தானே மூடும். சீழ் வடியும் காதை வைத்தியர் கூறியபடி துடைத்து உலர்த்தி, அவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை மட்டும் விடவேண்டும். சில சொட்டு மருந்துகள் துவாரத்தின் வழியே உட்சென்று கேள்வி நரம்பையே கெடுக்கக்கூடும். மூடாத துவாரத்தைச் சொந்த உடலிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வைக் கொண்டு அடைக்கும் அறுவை முறை 1950-களிலிருந்து வளர்ந்து இன்று நன்கு நிலைபெற்றுள்ளது. காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் காதில் ஊற்றுதல் அறவே கூடாது. குளிக்கும்போது வாசலைன் தடவிய பஞ்சினால் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். துவாரமுள்ளவர்கள் ஆற்றில் முழுகுதலையும் நீந்துதலையும் தவிர்க்கவேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இரண்டு வாரங்களுக்கு மேல் காதில் சீழ் வடிகிற குழந்தைகளின் பட்டியலை அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோர் கூடித் தயாரிக்கலாம். அதனை ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் அளித்து, படக்கருவியுடன் முகாம் நடத்தும்படி கிராம சபையில் தீர்மானம் செய்யலாம். நடவும் அறுவடையும் நெருங்கிய நாட்களில் பெற்றோர் வர இயலாதாகையால், கார் பருவத்திற்கும் பிசானப் பருவத்திற்கும் இடைப்பட்ட ஓய்வு நாட்களைத் தேர்ந்தெடுப்பது பொருத்தம்.

கருவி வாங்குவதுடன் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு படத்தையும் பார்த்து விடையளிக்கும் வைத்தியர் யார், எத்தனை நாட்களுக்குள் விடை வரும், மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட குழந்தை உண்மையில் சென்றதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருக்கவேண்டும். இல்லையேல் படங்கள் பெட்டியில் உறங்கும். காது தொடர்ந்து சீழ் வடிக்கும். பஸ் செலவிற்குப் பணமின்றியோ, ஒரு நாட்கூலி போய்விடுமே என்றோ தயங்கும் குடும்பங்களை அழைத்துச் செல்ல வார்டு அங்கத்தினர் முன்வருவாராயின், அவ்வுதவி கருவியின் விலையைவிடப் பெரிதாகும்.

கால்வாயில் உடைப்பு ஏற்பட்டால் ஊர் கூடி அன்றே அடைக்கிறோம். ஒரு நாள் தாமதித்தாலும் பயிர் கெடும் என்பதை அறிந்திருக்கிறோம். குழந்தையின் செவிப்பறையில் விழும் துவாரமும் அத்தகையதே. காலத்தில் கண்டு அடைத்தால் அதன் கேள்வி காக்கப்படும்; கல்வியும் தழைக்கும்.