மாலை ஆறு மணிக்கு நான்கு மாலைகள்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் பூ வாங்கி என் தாயார் மாலை கட்டிக் கொடுக்கிறார். முன்னதாகக் கட்டினால் பூ வாடும். பிந்தினால் மாலை வீண். ஒரே எந்திரத்தில் பல வேலைகளை வரிசைப்படுத்தும் கணக்கைப் படித்தபோது, அந்த எந்திரம் அவர் விரல்களாகவே எனக்குத் தோன்றியது.

நான்கு மாலைகள், கட்டும் நேரம் 40, 30, 20, 10 நிமிடங்கள். 6 மணிக்குத் திருச்சியிலிருந்து ஆள் வரும். முந்தும் நிமிடங்களும் பிந்தும் நிமிடங்களும் சேர்ந்த மொத்த விலகல் குறைய வேண்டும். 1981-இல் கானெட் என்பார் தந்த விடை: குறித்த நேரத்துக்குள் முடிபவை பெரியதிலிருந்து இறங்கட்டும், அதன்பின் முடிபவை சிறியதிலிருந்து ஏறட்டும். 4.50-க்குத் தொடங்கி 40, 30, 10, 20 என்று கட்டினால் 5.30, 6.00, 6.10, 6.30-க்கு முடியும். விலகல் 30+0+10+30, அதாவது 70.

பெருமையோடு தாயாரிடம் காட்டினேன். "ஏம்ப்பா, ஆறு மணிக்கு வந்தவரு ஆறரை வரைக்கும் நிப்பாரா?" என்றார். அவர் 4.20-க்கே உட்கார்ந்து 40, 30, 20, 10 என்று கட்டுவார். கட்டி முடித்த மாலை, அடுத்தவை முடியும்வரை வாடிக்கொண்டே காத்திருக்கிறது. ஆகவே சிறியவை கடைசியில் வருவதே நன்று. அவர் விலகல் 60+30+10+0, அதாவது 100.

பிந்தும் நிமிடத்தையும் முந்தும் நிமிடத்தையும் நான் சமமாக மதித்ததுதான் கோளாறு. பிந்துவதற்கு 4 மடங்கு எடை கொடுத்து மீண்டும் போட்டேன். என் வரிசை 190-க்கு ஏறியது. தாயாருடையது அதே 100. வேறெந்த வரிசையும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

முகூர்த்த நாளில் ஒவ்வொரு மாலைக்கும் ஒவ்வொரு நேரம். அந்தக் கணக்கை இன்னும் தொடவில்லை.