போலச்செய்யும் மென்பொருள்

ஒரு கருவிக்கென எழுதப்பட்ட மென்பொருளை வேறொரு கருவி நேரடியாக இயக்குவதில்லை. ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்த கட்டளைமொழி உண்டு. 1994இல் ஜப்பானில் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன், மிப்ஸ் வகைச் செயலியால் இயங்கியது. 1998இல் வந்த சேகாவின் டிரீம்காஸ்ட், ஹிட்டாச்சியின் எஸ்எச்-4 செயலியைக் கொண்டது. இவ்விரண்டுக்குமிடையே மொழிபெயர்ப்பாளராக நின்றது ‘பிளீம்காஸ்ட்’ என்னும் எமுலேட்டர். முன்னதன் கட்டளைகளைப் பின்னதற்கு உரியனவாக, விளையாட்டு நடைபெறும்போதே அது மாற்றியது. 2001இல் ‘டெக்கன் 3’ உள்ளிட்ட மூன்று பிளேஸ்டேஷன் விளையாட்டுகள், மூலத்தினும் தெளிவான காட்சிகளோடு டிரீம்காஸ்டில் இயங்கின.

கணினிக்கென முன்னரே எமுலேட்டர் வெளியிட்டிருந்த பிளீம் நிறுவனத்தின்மீது சோனி வழக்குத் தொடுத்திருந்தது. விளம்பரத்தில் விளையாட்டுக் காட்சிகளை ஒப்பிட்டுக் காட்டியது நியாயமான பயன்பாடே என 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. தீர்ப்பில் வென்றபோதும், அந்நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. டிரீம்காஸ்டின் உற்பத்தியும் அவ்வாண்டே நின்றது.

பிறிதொன்றின் விளையாட்டுகளுக்கு இடமளித்த அக்கருவியின் விளையாட்டுகளே இன்று எமுலேட்டரை நாடுகின்றன. கருவி பழுதாகும், வட்டு தேயும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தோர் நூலைக் காத்தது போல, போலச்செய்தல் எண்ணிமப் படைப்புகளைக் காக்கிறது. எனினும், படைப்பாளியின் உரிமையை மதித்தே அது நிகழ வேண்டும்.