மயில்துத்தம்

மயிலின் கழுத்தைப் போன்ற நீல நிறமுடையது மயில்துத்தம். இதனைத் துருசு என்றும் கூறுவர். மலாய் மொழியில் ‘தெருசி’ என்பது இதுவே. செம்பு, கந்தகம், பிராணவாயு ஆகியவை சேர்ந்த இவ்வுப்பின் படிகத்தில் நீரும் அடங்கியுள்ளது. சூடாக்கினால் அந்நீர் வெளியேறி, நீலம் மறைந்து வெண்பொடியாகும். ஒரு துளி நீர் விட்டால் மீண்டும் நீலமாகும்.

பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிகளில் தெளித்தனர். அக்கொடிகளைப் பூசணநோய் தாக்காததை 1882-இல் மில்லார்டே என்னும் அறிஞர் கண்டார். ஆராய்ந்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். அதுவே போர்டோக் கலவை. 100 லிட்டர் நீருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ என்பது வழக்கமான அளவு. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் நனைத்துப் பார்ப்பர். அதன்மேல் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். கேரளத்தில் ரப்பர் மரங்களின் இலையுதிர்வு நோயைத் தடுக்க, மழைக்காலத்துக்கு முன் இதனைத் தெளிப்பர்.

ஆயினும் மரத்தைக் காக்கும் செம்பே பாலில் கலந்தால் பகையாகும். சிறிதளவு கலந்தாலும் ரப்பர் நாளடைவில் பிசுபிசுத்து வலிமை இழக்கும். ஆதலால் ரப்பர்ப் பாலைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைத்தலாகாது.

மாணவர்களே! துத்தம் கண்ணைக் கவரும் கற்கண்டுபோல் தோன்றினும் நஞ்சாகும். வாயில் வைக்காதீர்கள், தொட்டால் கையை நன்கு கழுவுங்கள். பெற்றோர்களே! தோட்ட மருந்தைப் பானப் புட்டிகளில் ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அறிந்து கையாள்வோர்க்கே துத்தம் துணையாகும்.