ஒரு பல்பா, எல்லா பல்புமா? ஸ்மார்ட் விளக்கு இணைப்பு விட்டுப்போனால் செய்ய வேண்டியவை



போன பாடத்தில் மின்சாரச் சிக்கனம் பற்றிப் பார்த்தோம். இந்தப் பாடம் போனில் தொட்டால் எரியும் ஸ்மார்ட் விளக்கைப் பற்றியது. "அதெல்லாம் பணக்காரங்க வீட்டுச் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். அது கெட்டுப்போகும்போது வீட்டில் இருப்பது நாம்தான்.

எங்க வீட்டில் நடந்தது

சென்னையில் வேலை பார்க்கிற என் பொண்ணு, பாட்டி ராத்திரியில் இருட்டில் நடக்கக் கூடாதுன்னு அஞ்சு ஸ்மார்ட் பல்பும், ஒரு ஹப் பெட்டியும், ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கிற சென்சாரும் வாங்கி வந்தா. பின்கட்டுக் கழிவறைக்குப் போற நடையில் கால் வைத்தால் போதும், விளக்கு தானா எரியும். மூணு மாசம் நல்லா இருந்தது. என் மாமியாருக்கும் ரொம்ப சந்தோஷம்.

ஒரு ராத்திரி விளக்கு எரியல. எரியும்னு நம்பி நடந்தவங்க படி தடுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டு பிசகி மூணு வாரம் கட்டுப் போட வேண்டியதாச்சு. மறுநாள் வந்து பார்த்த மெக்கானிக், "பெட்டி போச்சு, செட்டையே மாத்தணும்"னு ஒரு தொகை சொன்னார். குழுவில் உள்கடன் கேட்கலாமான்னுகூட யோசிச்சேன்.

கடைசியில் பார்த்தால் பெட்டிக்கு ஒண்ணும் ஆகல. பைசா செலவில்லாமல் சரியானது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஹப் என்பது என்ன?

நம்ம குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பல்புகள்தான் உறுப்பினர்கள். ஹப் என்பது குழுவின் பிரதிநிதி. ரவுட்டர் என்கிற வைஃபை பெட்டி, கூட்டமைப்பு அலுவலகம் மாதிரி. போனில் நாம் கொடுக்கும் உத்தரவு ரவுட்டர் வழியாக ஹப்புக்குப் போகும், ஹப் அதைப் பல்புக்குச் சொல்லும்.

ஹப்பும் பல்பும் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஜிக்பீ என்ற வானொலி முறையில். பிலிப்ஸ் ஹியூ, ஐக்கியா போன்ற கம்பெனிகளின் ஹப்புகள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு விசேஷம் உண்டு. ஹப் சொல்வது தூரத்துப் பல்புக்கு நேராகக் கேட்காவிட்டால், நடுவில் இருக்கும் பல்பு வாங்கிக் கடத்தும். கூட்டத்தில் கடைசி வரிசைக்குக் கேட்காததை நடுவில் உட்கார்ந்தவர் திரும்பிச் சொல்கிற மாதிரி. நடுவில் இருப்பவர் எழுந்து போய்விட்டால்? கடைசி வரிசைக்குச் சேதி போகாது.

எங்க வீட்டில் நடந்தது இதுதான். ஹப் முன்னறையில், நடை பின்கட்டில். நடுவில் கூடத்துப் பல்புதான் பாலம். என் மாமியார் படுக்கப் போகும்போது, "ஆளில்லாத கூடத்துக்கு எதுக்குக் கரண்ட்?"னு சுவர் சுவிட்சை அணைச்சுட்டாங்க. நாற்பது வருஷச் சிக்கனப் பழக்கம். தப்பு அவங்க மேல இல்லை. அணைக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லித் தரல. நடைச் சுவிட்ச் போட்டபடியே இருந்ததால் எங்களுக்கும் சந்தேகம் வரல.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

விளக்கு வேலை செய்யவில்லை என்றதும் பெட்டியைப் பிடுங்காதீர்கள். "ஒரு பல்பா, எல்லா பல்புமா?" என்று கேளுங்கள். பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

ஒன்றிரண்டு பல்பு மட்டும் என்றால்:

1. அந்தப் பல்பின் சுவர் சுவிட்ச் போட்டிருக்கிறதா? சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்புக்குக் காது கேட்காது.
2. அதற்கும் ஹப்புக்கும் நடுவில் உள்ள பல்புகளின் சுவிட்சும் போட்டிருக்கிறதா?
3. சுவிட்சை அணைத்து, பத்து விநாடி கழித்துப் போடுங்கள். அப்போதும் எரியவில்லை என்றால், வேறு ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, பல்பு ஆறிய பிறகு, ஈரமில்லாத கையால்தான் கழற்ற வேண்டும். அங்கே எரிந்தால் பழுது பல்பில் இல்லை, ஹோல்டரிலோ வயரிலோதான்.
4. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சில் மாட்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்மார்ட் பல்புக்கு அது ஒத்துவராது.
5. சென்சார் மட்டும் வேலை செய்யவில்லையா? அதன் பேட்டரியைப் பாருங்கள்.

எல்லா பல்பும் என்றால்:

1. ஹப்பில் விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் பிளக், அடாப்டர், பிளக் பாயிண்ட் மூன்றையும் பாருங்கள்.
2. ஹப் வயர் மூலம் ரவுட்டரோடு சேருகிற வகையா? வயரின் இரண்டு முனையையும் எடுத்து, 'க்ளிக்' சத்தம் வரும்வரை செருகுங்கள். ரவுட்டரில் வேறு துளையில் போட்டும் பாருங்கள். விழுந்த சம்பவத்துக்குப் பிறகு ஒரு நாள் எங்க வீட்டில் எல்லா பல்பும் ஒரே நேரத்தில் நின்றது. நெட் போட வந்த பையன் டிவி பெட்டிக்கு இடம் வேண்டுமென்று ஹப் வயரைப் பிடுங்கி வைத்திருந்தான், அவ்வளவுதான்.
3. ஹப் வயர் இல்லாமல் வைஃபையில் சேருகிற வகையா? ரவுட்டரையோ பாஸ்வேர்டையோ அண்மையில் மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் ஹப்புக்கும் புதிய பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டும். இந்த வகைச் சாதனங்கள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும், 5-இல் சேராது. ஹப் இல்லாமல் நேரே வைஃபையில் சேரும் பல்புகளுக்கும் இதே கதைதான்.
4. உங்கள் போன் வீட்டு வைஃபையில்தான் இருக்கிறதா? மொபைல் டேட்டாவிலோ விருந்தினர் வைஃபையிலோ இருந்தால் ஹப்பைக் காணாமல் போகலாம். புதுப் போன் என்றால், அந்த ஆப் கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள்.
5. இதற்கும் சரியாகவில்லையா? ரவுட்டர், ஹப் இரண்டையும் அணையுங்கள். அரை நிமிடம் பொறுங்கள். முதலில் ரவுட்டரைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்து நின்ற பிறகு, சுமார் மூன்று நிமிடம் கழித்து, ஹப்பைப் போடுங்கள். கரண்ட் போய் வரும்போது இரண்டும் ஒன்றாக எழுந்து தடுமாறுவதுண்டு. வரிசை முக்கியம்.

சில நேரம் வரும், சில நேரம் வராது என்றால்:

ஹப் இருக்கும் இடத்தைப் பாருங்கள். பீரோவுக்குள்ளோ, டிவிக்குப் பின்னாலோ, ரவுட்டர் தலைமேலோ வைக்காதீர்கள். ஜிக்பீயும் வைஃபையும் ஒரே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவதால், பக்கத்தில் இருந்தால் ஒன்றின் பேச்சு மற்றதைக் கெடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பின் அலையும் அதே பக்கம்தான். ரவுட்டருக்கும் ஹப்புக்கும் ஒரு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். சில ஆப்களில் ஜிக்பீ சேனலை மாற்றும் வசதி உண்டு. அதைச் செய்யும்போது எல்லா பல்பின் சுவிட்சும் போட்டிருக்க வேண்டும்.

ரீசெட் பட்டனில் கை வைக்காதீர்கள்

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போட்டால் ஹப் தூங்கி எழும். ரீசெட் செய்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பல்புகள், அறைப் பெயர்கள், நேரக் குறிப்புகள் அத்தனையும் போய்விடும். குழுவின் தீர்மானப் புத்தகத்தையே கிழித்துப் போட்ட மாதிரி, முதலிலிருந்து எழுத வேண்டும். மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகு, வாங்கித் தந்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கடைசி வழியாகத்தான் அதைச் செய்ய வேண்டும்.

கஸ்டமர் கேர் நம்பரைப் பெட்டியிலோ பில்லிலோ பார்த்து எடுங்கள். நெட்டில் தேடினால் போலி நம்பரும் கிடைக்கும். யாராவது ஓடிபி கேட்டாலோ, உங்கள் போன் திரையைக் காட்டும் ஆப் போடச் சொன்னாலோ, உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குச் சொல்லுங்கள்.

சிக்கனம் கெடாதா?

என் மாமியார் கேட்ட கேள்வி இது. "சுவிட்சை அணைக்காம விட்டா கரண்ட் ஏறாதா?" நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுக் காட்டினேன். எரியாமல் காத்திருக்கும் பல்பு அரை வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 வாட் மணி. 60 நாளைக்கு 720 வாட் மணி. அதாவது இரண்டு மாதத்துக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. "சரி, விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததுக்கு இது எவ்வளவோ மேல்"னு சிரிச்சாங்க.

கரண்ட் போய் வந்தால் நடுராத்திரியில் எல்லா பல்பும் தானாக எரிகிறதா? அது பழுதில்லை. கரண்ட் வந்ததும் எரியும்படி பல்பை அமைத்திருப்பார்கள். பழைய நிலைக்கே திரும்பும்படி ஆப்பில் மாற்றிக்கொள்ளும் வசதி பல கம்பெனி பல்புகளில் உண்டு. ஆனால் வயதானவர்கள் நடக்கும் இடத்துப் பல்பை மட்டும் மாற்றாமல் விடுங்கள். காரணத்தைக் கீழே பாருங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லித் தாருங்கள்

ஆப் என் பொண்ணு போனிலும் என் போனிலும் இருந்தது. விழுந்ததோ போன் இல்லாத பெரியவங்க. அன்று அவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும்: "விளக்கு எரியலையா, சுவிட்சை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க." அப்படி அமைத்த பல்பு ஹப் இல்லாமலே, நெட் இல்லாமலே எரியும். அதைச் சொல்லித்தர எங்களுக்குத் தோணல. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு. இந்தப் பாடத்தை எழுதச் சம்மதித்ததும் அதனால்தான்.

இப்போது கூடத்துச் சுவிட்ச் மேல் சிவப்புப் பொட்டு ஒட்டியிருக்கோம். சிவப்பு இருந்தால் அணைக்கக் கூடாதுன்னு கடைக்குட்டிவரை தெரியும். நடையில் ஸ்மார்ட் பல்புக்குப் பக்கத்தில் சாதா எல்.இ.டி. பல்பு ஒண்ணும், தலைமாட்டில் டார்ச்சும் வைச்சிருக்கோம்.

நினைவில் கொள்க

• ஒரு பல்பு என்றால் சுவிட்சைப் பார். எல்லா பல்பும் என்றால் ஹப்பையும் ரவுட்டரையும் பார்.
• முதலில் ரவுட்டர், பிறகு ஹப்.
• ரீசெட் கடைசி வழி.
• முக்கியமான இடத்தில் சாதா விளக்கு ஒன்று எப்போதும் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் கருவிகளை இயக்கத் தெரிந்தவர் யார்? அவர் ஊரில் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?
2. ராத்திரியில் பெரியவர்கள் நடக்கும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா?
3. இந்தப் பாடத்தைப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு யார் படித்துச் சொல்வது?